சுவரில் முட்டிய கோடு

ஜனவரி 7, ஞாயிறு

டயர் ஏஜென்ஸியில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் பெயரையும் ரத்த வகையையும் எழுதிவிட்டு, மிச்சப் பக்கத்தை மனைவி ருக்குமணியின் பால் கணக்குக்கு விட்டுவிடுவேன். இந்த வருஷம் நானே எழுதுவதாக முடிவு. நாமக்கல்லில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் அர்த்தநாரிக்கு எதற்கு டைரி என்று அவள் கேட்டாள். மகள் கணக்கில் டாக்டர் ஆகப்போகிறாள், சரித்திரம் எழுத ஆள் வேண்டாமா என்றேன்.

"எழுதறத எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க" என்றாள்.

கோகிலவாணி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஆராய்ச்சியை எனக்குச் சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் அவளேதான். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல முடிஞ்சாத்தானுங்கப்பா எனக்கே புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்பாள்.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பொடியைக் கலந்தால் சூட்டை நன்றாகக் கடத்தும். நானோ திரவம் என்று பெயர். ஆனால் பொடி அடியில் படியும். இதை எனக்குச் சொல்லவே வேண்டாம். முப்பது வருஷமாகக் குழாய்க்குள் படிந்ததைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்துத்தான் சோறு தின்கிறேன். படியாமல் இருக்க, அதே தண்ணீரில் நீந்துகிற நுண்ணுயிர்களை விடுகிறார்கள். அவை மேல்நோக்கி நீந்தும். மேலே கூட்டம் கூடினால் அந்தப் பக்கம் கனத்துப்போய், கொத்துக் கொத்தாகக் கீழே இறங்கும். மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் தானாகக் கலங்கிக்கொண்டே இருக்கும். அப்போது சூடு எவ்வளவு கடக்கிறது என்று சமன்பாடு எழுதிக் கண்டுபிடிப்பது என் மகளின் வேலை. பூச்சியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காகிதமும் கம்ப்யூட்டரும்தான்.

"கொதிக்கிற ரேடியேட்டர்ல உட்டா பூச்சி வெந்து போயிறாதா கண்ணு?" என்றாள் ருக்குமணி.

"இது லாரிக்கில்லீங்கம்மா. சூடு கம்மியா இருக்கற சின்னக் கருவிகளுக்கு."

"அப்ப உங்கொப்பனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை."

அவளுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் நல்லசிவம். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. கணக்கில் அவன் தொண்ணூற்றெட்டு, நான் முப்பத்தெட்டு. என் முப்பத்தெட்டில் முப்பது, பரீட்சையில் அவன் பேப்பரைச் சாய்த்துக் காட்டியது. சொந்தச் சம்பாத்தியம் எட்டு. அந்த எட்டை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

நல்லசிவத்தின் கட்டுரை ஒன்றைக் கொண்டு வந்து, சாப்பாடு முடிவதற்குள்ளேயே காட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது, பெரிய பெயர் வாங்கிக் கொடுத்ததாம். நுண்ணுயிர் விட்டால் சூடு கடப்பது நூற்றுக்குப் பதினெட்டு கூடுகிறது என்று அதில் நிரூபித்திருக்கிறான். இவள் முதலில் அதே கணக்கைப் போட்டு, அதே விடை வருகிறதா என்று பொருத்திக் காட்ட வேண்டும். அப்புறம்தான் தன் புதுக் கணக்குக்குப் போகலாம்.

அதில் ஒரு படம். சூடான தகட்டிலிருந்து தள்ளிப் போகப் போகச் சூடு எப்படிக் குறைகிறது என்று ஒரு கோடு. மேலேயிருந்து சரிந்து வந்து, கடைசியில் அடிக்கோட்டில் டக்கென்று முட்டி நின்றது.

"ஏங் கண்ணு, இது ஏன் சுவத்துல முட்டின மாதிரி நிக்குது?" என்றேன். "இன்ஜின் பக்கத்துல கையை வெச்சுட்டு அப்படியே பின்னால வந்து பாரு. சூடு கொஞ்சங் கொஞ்சமாத்தான் இல்லாமப் போவும். இந்த எடத்தோட சரின்னு காம்பவுண்டுச் சுவரெல்லாம் இருக்காது."

கோகிலவாணி அந்தப் படத்தைப் பார்த்தபடியே இருந்தாள். தோசை ஆறிப்போனது. ருக்குமணி என்னைத் திட்டினாள், சாப்பிடுகிற பிள்ளையிடம் ஏன் வாயைக் கொடுக்கிறீர்கள் என்று.

பிப்ரவரி 4, ஞாயிறு

வந்ததும் பையைக் கூட வைக்கவில்லை. "அப்பா, நீங்க கேட்டது சரிங்கப்பா" என்றாள்.

சூடு முழுக்க அடங்கும் தூரம் கணக்குப்படி முடிவிலி. கம்ப்யூட்டரால் முடிவிலி வரை போக முடியாது. அதனால் போதுமான தூரம் என்று ஒன்றை நாமே வைக்க வேண்டும். நல்லசிவம் நாலு என்று வைத்திருக்கிறான். இவள் பன்னிரண்டு வரை போய்ப் பார்த்தால்தான் கோடு முட்டாமல், படுத்த மாதிரி மெதுவாக அடங்குகிறது. நாலில் வெட்டினால் சூடு அதற்குள் இறங்கியே ஆக வேண்டும் என்று நாமே கட்டாயப்படுத்துகிறோம், அதனால் வேகமாகக் கடப்பது போலப் பொய்யாகத் தெரிகிறது. வெட்டாமல் விட்டால் பதினெட்டு போய், வெறும் மூன்றுதான் வருகிறதாம்.

சாரிடம் காட்டினாளா என்று கேட்டேன். கணக்கு முழுவதையும் வெள்ளிக்கிழமையே கொடுத்தாளாம். வாங்கி வைத்துக்கொண்டு, "அப்பாவை நான் பாக்கறேன்" என்றானாம்.

என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கா கணக்குத் தெரியும்.

பிப்ரவரி 8, வியாழன்

பதினாறு சக்கர வண்டி ரேடியேட்டர் ஒன்று. தொட்டியில் முக்கிக் காற்றடித்தால் ஏழு இடத்தில் குமிழி. விரலில் ஈயம் பட்டுக் கொப்புளம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நல்லசிவம் பட்டறைக்கு வந்தான். கார் சூடாகிறது என்றான். திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை, கூலண்ட் கொஞ்சம் குறைவு. ஊற்றிவிட்டேன். ஆனாலும் ஒரு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து பேசினான். எதிரே பெயின்ட் பட்டறைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு பேராசிரியர் என்னை டேய் என்று கூப்பிடுவது அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று நானும் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

"டேய் அர்த்து, உம் பொண்ணு கெட்டிக்காரிடா. ஆனா தோண்டிக்கிட்டே போறா. இந்தத் துறையில எல்லாரும் நாலுதான் வெக்கறாங்க. அவ என் கட்டுரையில இருக்கற விடை டேபிளுக்குப் பொருத்திக் காட்டிட்டுப் போயிட்டா, இந்த வருசமே முடிச்சுருவா. இல்லைன்னா இன்னும் ரெண்டு வருசம். நான் சொன்னா வாத்தியார் மெரட்டறார்னு நெனைக்கும். நீ பக்குவமாச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்னு நான் சொல்றது?"

"அதுதாண்டா வேணும். நீ ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டாம். அப்பன் சொன்னா கேக்கும்." அப்புறம் சிரித்தான். "பத்தாவதுல நான் பேப்பரைக் காட்டலைன்னா நீ எங்கிருந்திருப்பே?"

"இங்கேயேதான்" என்றேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பக்குவமாகச் சொன்னேன்.

"சார் உம் மேல அக்கறையிலதான் சொல்றார் கண்ணு. டேபிளுக்குப் பொருத்திட்டு வேலையை முடி."

"அது தப்புங்கப்பா. நீங்கதானுங்களே மொதல்ல கண்டுபுடிச்சீங்க."

"நான் என்னத்தக் கண்டேன்? ரேடியேட்டர்காரன் பேச்சு சாமி. எட்டு மார்க்குக்காரன் சொல்றதையா தொண்ணூத்தெட்டுக்காரன் சொல்றதையா கேப்பே?"

"சார் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்கப்பா. 'அப்பாகிட்டப் பேசிட்டு வாம்மா'ன்னு மட்டுந்தான் சொன்னாரு. நீங்க சொல்லுங்க. நிசமாலுமே அந்தக் கோடு சரின்னு நெனைக்கறீங்களா?"

"எனக்கு அதெல்லாம் புரியாது கண்ணு."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "செரிங்கப்பா" என்றாள்.

அருமையான பிள்ளை. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. மத்தியானம் அவளுக்குப் பிடித்த கறிக்குழம்பு, ருக்குமணி செய்திருந்தாள். தலைவலி என்று சாப்பிடாமல் இரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

டேபிளுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாளாம். போனில் சொன்னாள். நல்லசிவத்தின் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டும்: "என் பேரு வேண்டாம்மா, உன் பேர்ல மட்டும் போகட்டும், உனக்கு நல்லது" என்று சொல்லிவிட்டானாம். எந்த வாத்தியார் இப்படி விட்டுக்கொடுப்பான்? உடனே அவனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். பட்டறையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும்.

மே 20, திங்கள்

வெளியாகிவிட்டது. முதல் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, முருகன் காலண்டர் பக்கத்தில் மாட்டினேன். தலைப்பில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கீழே ஒரே ஒரு பெயர், அ. கோகிலவாணி. அந்த அ. நான்.

ஒரு லாரி டிரைவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னுங்கண்ணா, இன்சூரன்ஸா?" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

வரவில்லை. வேலையாம்.

ஜூன் 30, ஞாயிறு

வரவில்லை. போனில், ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "போகுதுங்கப்பா" என்றாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மத்தியானம் போன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோகிலவாணியின் கட்டுரையில் கோடு பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது, தூரம் போதாது, பதினெட்டு என்பது பொய் என்று. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்தத் தவறை இவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரே தன் பழைய கட்டுரையில் கண்டுபிடித்து, ஏப்ரல் மாதமே நேர்மையாகத் திருத்தம் வெளியிட்டிருக்கிறார், அதற்குப் பிறகும் மாணவி பழைய எண்ணையே வைத்திருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்ன திருத்தம்?" என்றேன்.

"தூரம் பன்னெண்டு, கூடறது மூணு. பிப்ரவரியில நான் சார்கிட்டக் கொடுத்தேனில்லீங்களா, அதே கணக்குங்கப்பா. நான் வெச்ச குறியீடு கூட மாறல. அவரு பேர்ல இருக்குது."

சரியான விடையை அவன் எடுத்துக்கொண்டு, தப்பான விடையை என் மகள் பெயரில், தனிப் பெயரில், விட்டுவிட்டான்.

லேமினேஷனைக் கழற்றி ஈயப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

நல்லசிவம் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து சமாதானமாக இருந்தான். அவன் மனைவி மோர் கொடுத்தார். குடித்தேன். கோபமாகப் போன இடத்தில் மோர் குடிக்கக் கூடாது என்பது குடித்த பிறகுதான் உறைத்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

"சிவம், எம் பொண்ணுகிட்ட இப்படிச் செய்யலாமா?"

"நான் என்னடா செஞ்சேன்? என் தப்ப நான் திருத்திக்கிட்டேன். அவ தப்ப அவ திருத்தியிருக்கோணும்."

"நீதான் பொருத்தச் சொன்னே!"

"யார்கிட்ட?"

"எங்கிட்ட."

"அவகிட்டச் சொன்னேனா? ஒரு மெயில் இருக்குதா, ஒரு சீட்டு இருக்குதா? நான் அவளக் கூப்பிட்டு ஒரு நாளாவது சொன்னேனான்னு கேளு. சொன்னது நீயி." ஊஞ்சலைக் காலால் ஒரு உந்து உந்தினான். "வெசனப்படாதே. சின்ன வயசுதான், வேற ஏதாச்சும் வேலைக்குப் போவும்."

வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து, "அர்த்து, காரு மறுபடி சூடாகுது, ஒரு நாளைக்கு வரேன்" என்றான். நானும் பழக்க தோஷத்தில் "வா" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வேலை ஓடவில்லை. அவன் சொன்னதை நான்கு நாளாக உருட்டிப் பார்க்கிறேன். ஒரு இடத்திலும் ஓட்டை இல்லை. அவளிடம் சொன்னவன் நான்தான். அவன் கையில் கறையே இல்லை. நடுவில் ஒரு குழாய் வைத்து ஊற்றியிருக்கிறான், அந்தக் குழாய் நான்.

செப்டம்பர் 9, திங்கள்

அந்தக் கடிதத்தை வைத்து நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் விசாரணை. பிப்ரவரியிலேயே சரியான விடை அவள் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது, தேதியோடு. அதனால் தெரியாமல் செய்தது என்று சொல்ல முடியாது, தெரிந்தே பொய் எண் போட்டதாகத்தான் ஆகும். அவனிடம் காகிதமாகக் கையில் கொடுத்ததற்குச் சாட்சியும் கிடையாது. அவளை நிரபராதி ஆக்க வேண்டிய கணக்கே அவளைப் பிடித்துக் கொடுக்கிறது.

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். பட்டறைக்கு வந்ததை, நாலு என்று அவன் சொன்னதை, டேபிளுக்குப் பொருத்தச் சொன்னதை.

"வேண்டாமுங்கப்பா."

"ஏன்?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சார் சொல்லிருவாரு."

"தெரியும்னு நான் சொல்லிட்டுப் போறேன். எல்லாந்தான் நீயே சொல்லிக் கொடுத்திருக்கியே."

வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். பேப்பர் எடுத்தாள். முட்டுகிற கோடு, அடங்குகிற கோடு, இரண்டையும் வரைந்து காட்டச் சொன்னாள். வரைந்தேன். கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன். தூரம் ஏன் போதாது, பதினெட்டு எப்படி மூன்றாகிறது, எல்லாம். "நூத்துக்கு நூறுங்கப்பா" என்றாள். ருக்குமணி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் பிறகு எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நீள மேஜை. மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவர்தான் குழுத் தலைவர். இந்தப் பக்கம் நல்லசிவம், அந்தப் பக்கம் கோகிலவாணி. ஓரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்ததைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

நல்லசிவம் எழுந்தான். "மேடம், கார் ரேடியேட்டர் பாக்கப் போனேன். பொண்ணு நல்லாப் படிக்குது, சீக்கிரம் முடிக்கட்டும்னு சொல்லியிருப்பேன். இவருக்கு இந்தச் சமாச்சாரம் என்ன விளங்கும்? எதை எப்படி எடுத்துக்கிட்டாரோ."

அந்த அம்மா என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "பேராசிரியர் எதைப் பொருத்தச் சொன்னாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா? அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. நாலு, பன்னிரண்டு, பதினெட்டு, மூன்று. சட்டைப் பையில் வரைந்த பேப்பர் கூட இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். படித்தவர்கள் பத்துக் கண் என்னைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒன்றுதான் நடக்கும். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிக்க வைத்துவிடுவேன். ஐம்பது வருஷமாக அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன்.

"நமக்கென்னங்க மேடம் தெரியும்? கணக்குல முப்பத்தெட்டு மார்க்குங்க. அதுலயும் முப்பது இந்த சார் காட்டுனது."

சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். நல்லசிவம் தோள் குலுங்கச் சிரித்தான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"இல்லீங்க மேடம், அந்தக் கோடு வந்து—" என்று பேப்பரை எடுத்தேன்.

"பரவாயில்லைங்க. நீங்க உக்காருங்க" என்றார், ரொம்ப அன்பாக.

அப்புறம் அவளைக் கேட்டார்கள், பொருத்தச் சொன்னது யார் என்று. அப்பா என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "யாரும் சொல்லலைங்க மேடம். நானாத்தான் செஞ்சேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. திருச்செங்கோடு தாண்டும் வரை பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியபடிதான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஆராய்ச்சிப் பதிவு ரத்து. மூன்றரை வருஷம். தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, கம்பிக்கும் உலைக்கும் பொட்டு வைத்தோம். ஈயப் பெட்டியை நகர்த்தும்போது அந்த லேமினேஷன் கிடைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். ருக்குமணி பார்த்துவிட்டாள்.

"அன்னிக்கு அவகிட்ட எனக்குப் புரியாதுன்னு சொன்னீங்களே," என்றாள், "அது நெசமா?"

பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

"எனக்கே புரிஞ்சுதுங்க" என்றாள் அவள். "சுவத்துல முட்டக் கூடாதுன்னு."

எனக்கும் புரிந்தது. இந்த டைரியில் ஜனவரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன், பிப்ரவரியில் பொய் சொல்லியிருக்கிறேன். அவன் என்னை ஏமாற்றினான் என்று ஆகஸ்ட் முழுக்கப் புலம்பினேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. பெரிய மனிதன் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து டேய் என்றான், அதற்கு நான் என் மகளைக் கொடுத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஹைதராபாத்தில் ஒரு பேராசிரியை சேர்த்துக்கொள்கிறாராம். நடந்த எல்லாவற்றையும் கோகிலவாணியே முதல் கடிதத்தில் எழுதிவிட்டாளாம், என் பங்கைத் தவிர. மறுபடி முதல் வருஷத்திலிருந்து.

காலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்திருந்தது.

"அங்க என்ன கணக்கு கண்ணு, இதேதானா? இல்ல வேறயா?"

சுடிதாரை மடித்துக்கொண்டே, "உங்களுக்குப் புரியாதுங்கப்பா" என்றாள்.

கோபமே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

புரியும் என்று சொல்ல வந்தேன். சொல்ல வேண்டிய மேஜை வேறு. அங்கே சொல்லாததை இந்தக் கதவோரத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒன்பதே காலுக்கு சேலம் பஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.